ஒரே நாள்ல அஞ்சு தடவை விடிஞ்ச கதை

"நான் ஒரு தடவதானே தம்பி கடலுக்குப் போனேன்?"

2019 பொங்கல் லீவுல ஒரு நாட்டுப்படகுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. ஆர்.சி. ஸ்கிரிப்ட் பத்தி எழுத உக்காந்தா எனக்கு முதல்ல ஞாபகத்துக்கு வர்றது அவர் முகம்தான்.

ஊரு கட்டுமாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில போறவங்களுக்கு மீன் மார்க்கெட், எனக்கு மாமா வீடு. மாமா நண்டு எடுக்குற சின்ன யாவாரி. படகு இறங்கும்போது டீசலும் ஐசும் கடனாக் கொடுப்பார், கரைக்கு வர்ற நண்டுல கழிச்சுக்குவார். அந்தக் கணக்கை நோட்டுலேருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தினது அடியேன். பழைய டெஸ்க்டாப், உபுண்டு, பைத்தான்ல எழுதின ஒரு குட்டி வெப் அப்ளிகேஷன். அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம், தலைக்கனத்துக்குக் கேக்கணுமா :)

மாமா தினம் விடியக்காலை அஞ்சு மணிக்கு கம்ப்யூட்டரைப் போடுவார். அதனால நான் ஒரு குறுக்கு வழி பிடிச்சேன். அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆச்சுன்னா புது நாள் பொறந்தாச்சு. உடனே ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, ஒவ்வொரு படகு பேர்லயும் வழக்கமான டீசல், ஐஸ் செலவை ஏத்திடும். கடலுக்குப் போகாத படகை மாமா அப்புறமா அழிச்சுக்குவார். ஒரு வருஷம் பிரச்சினையே இல்லை.

2018 நவம்பர் 16 கஜா புயல். டெல்டாவுலயும் புதுக்கோட்டைப் பக்கமும் லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சுது. புதுக் கம்பம் நட்டு கரண்ட் வந்த பிறகும் எங்க தெருவுல அது வர்றதும் போறதுமா இருந்துச்சு. யூ.பி.எஸ். பேட்டரி எப்பவோ செத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அப்ளிகேஷனைக் கிளப்பத் தெரியாம மாமா எனக்கு போன் அடிப்பார். அதனால டிசம்பர்ல, கரண்ட் வந்தா மெஷின் தானா எழுந்துக்கற மாதிரி பயாஸ்ல ஒரு செட்டிங், அப்ளிகேஷன் தானா கிளம்ப சிஸ்டம்டில ஒரு சர்வீஸ். வேலை முடிஞ்சுது, பெருமையா காலேஜுக்குப் போயிட்டேன்.

இப்போ உங்களுக்கே புரிஞ்சிருக்கும். கரண்ட் அஞ்சு தடவை போய் வந்த நாள்ல, என் மெஷினுக்கு அஞ்சு தடவை விடிஞ்சுது. அஞ்சு தடவை டீசல். மாமா பார்த்தது மொத்த பாக்கியை மட்டும்.

இந்த 'ஸ்டார்ட் ஆனதும் ஓடுற ஸ்கிரிப்ட்'ங்கிற சரக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1960கள்ல எம்.ஐ.டி.யில சி.டி.எஸ்.எஸ்.னு ஒரு சிஸ்டம். அதுல லூயி பூசான்ங்கிற பிரெஞ்சுக்காரர் 'ரன்காம்'னு ஒண்ணு எழுதினார். கட்டளைகளை ஒரு ஃபைல்ல வரிசையா எழுதி வச்சா, அது ஒவ்வொண்ணா ஓட்டும். ரன் கமாண்ட்ஸ் சுருங்கி ரன்காம், அது இன்னும் சுருங்கி ஆர்.சி. இன்னிக்கும் பாஷ்ஆர்சி, விம்ஆர்சின்னு வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கே, அதே ஆர்.சி.தான்.

பெல் லேப்ஸ் யூனிக்ஸ்ல 'இனிட்'ங்கிற முதல் புரோகிராம் எழுந்ததும் இந்த ஆர்.சி. ஃபைலை ஓட்டும். 1979ல வந்த ஏழாம் பதிப்போட ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க, சில வரிதான். மவுண்ட் ஆன டிஸ்க் பட்டியலைத் துடைக்கும், யார் யார் லாகின் பண்ணியிருக்காங்கங்கிற பட்டியலைக் காலி பண்ணும், டெம்ப் அடைவைக் கூட்டிப் பெருக்கும், அப்டேட், கிரான்னு ரெண்டு பேரை எழுப்பி விடும். அவ்வளவே.

எனக்கு உறைச்ச இடம் இதுதான். துடைக்கிற வேலை எதுவும் ரெண்டு தடவை நடந்தாலும் கெடுதல் இல்லை. வாசல் தெளிக்கிற மாதிரி, மறுபடி தெளிச்சா வாசல் கெட்டா போகும்? நான் எழுதினது வாசல் தெளிக்கிற வேலை இல்லை, கடன் எழுதுற வேலை. அதை வாசல் தெளிக்கிற இடத்துல வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். சிஸ்டம் ஃபைவ்ல (1983) 'ரீஸ்பான்' வந்துச்சு, செத்த புரோகிராமை இனிட்டே திரும்ப எழுப்பும். பால் விக்ஸியோட கிரான்ல 'ரீபூட்' ஆனா ஓடுன்னு ஒரே வரியில எழுதலாம். 2010ல லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டு வந்தாங்க. சிஸ்டம்டியைத் திட்டுறது லினக்ஸ்காரங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. என் விஷயத்துல பாவம், அது சொன்ன வேலையைச் சுத்தமா செஞ்சுது.

வெப் உலகத்துல கதை இன்னும் சிக்கல். மெஷின் நிக்காமலே அப்ளிகேஷன் மட்டும் நின்னு கிளம்பும். ஸ்டார்ட் ஆகும்போது ஓட இடம் கொடுக்குற வழக்கம் மைக்ரோசாஃப்டோட ஏ.எஸ்.பி. காலத்துலயே வந்தாச்சு, 2001ல ஜாவா சர்வ்லெட் 2.3 அதுக்கு லிசனர் கொடுத்துச்சு. விண்டோஸ் சர்வர் 2003ல வந்த ஐ.ஐ.எஸ். 6 என்ன பண்ணுச்சு தெரியுமா? நாம எதுவும் மாத்தலைன்னா 1740 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதாவது 29 மணிக்கு ஒரு தடவை, அப்ளிகேஷனைத் தானே கொன்னு தானே பொறக்க வைக்கும். அதென்ன 29? 24க்கு அடுத்த பகா எண். தினம் ஒரே நேரத்துல விழக்கூடாதுங்கிற கணக்கு. இருபது நிமிஷம் யாரும் வரலைன்னா தூங்கியும் போகும். அங்கே 'தினம் ஒரு தடவை' வேலையைக் கொண்டு வச்சவங்க பாட்டை நினைச்சா என் சொந்தக்காரங்க மாதிரி இருக்கு.

2014ல வெளிவந்த குபெர்னடீஸ் விழுந்ததைப் பத்து செகண்ட்ல எழுப்பும், மறுபடி விழுந்தா இருபது, நாப்பதுன்னு அஞ்சு நிமிஷம் வரைக்கும் இடைவெளி விட்டு விட்டு எழுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் காலத்துல மெஷினைக் கிளப்பறது ஒரு ஆள் பக்கத்துல நின்னு பண்ற காரியம். இப்போ அது யாரும் பார்க்காம நடக்குது. பெயர் மட்டும் ஸ்டார்ட்டுன்னே இருக்கு.

கிரான்ல அஞ்சு மணிக்குப் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அஞ்சு மணிக்குக் கரண்ட் இல்லைன்னா அன்னிக்கு ஏறவே ஏறாது. அதனால ஸ்கிரிப்டை ஸ்டார்ட்லயே விட்டுட்டேன். ஒரு படகு, ஒரு தேதி, ஒரே பதிவுன்னு டேட்டாபேஸ்ல யுனிக் விதி போட்டேன். இனி நூறு தடவை ஓடினாலும் இரண்டாவது டீசலை டேட்டாபேஸே உள்ள விடாது. மொத்தம் நாலு வரி.

கணக்கைத் திருத்தறதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு பூட்டையும் லினக்ஸ் நேரத்தோட எழுதி வச்சிருந்துச்சு. நானும் மாமாவும் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு நாளா சரிபார்த்தோம். ஏழு படகு. கேள்வி கேட்டவர் ஒருத்தர். மத்த ஆறு பேரும் கேக்காமலே கொடுத்திருந்தாங்க. மறுநாள் மாமா காசை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போனார், நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கூடப் போனேன்.

அஞ்சு பேர் வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு பேர் என்னைத் திட்டினாங்க, சரிதான். ஆறாவது ஆள், வயசானவர், காசைத் தொடவே இல்லை. "மெஷின் போட்ட கணக்கு எப்படிய்யா தப்பாகும்? நான்தான் என்னிக்காச்சும் வாங்கிட்டு மறந்திருப்பேன்"னுட்டு வலையைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார்.

மாமா அந்தத் தொகையை அவர் பேர்ல வரவு வச்சார். பழைய நோட்டுல, பேனாவால.