கிரானின் மறுகரை: கிராமச் சுகாதார நிதியும் மாரிகாலமும்

மட்டக்களப்பு–திருகோணமலை நெடுஞ்சாலையில் கிரான் ஒரு சந்தி. கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருக்கிறது. தெற்கே சந்திவெளி வைத்தியசாலை, வடக்கே வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. இரண்டும் நெடுஞ்சாலையை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் உள்ளவை. கிரான் பாலத்தைக் கடந்து புலிபாய்ந்தகல் வீதியால் மேற்கே போனால் பொண்டுகள்சேனை, பூலாக்காடு, முருக்கன்தீவு, அதற்கப்பால் குடும்பிமலை அடிவாரம் வரை வயலும் மேய்ச்சல் தரையும் விரிகின்றன. திகிலிவெட்டை மக்கள் சந்திவெளித் துறையில் தோணியேறி இக்கரைக்கு வருகிறார்கள். கார்த்திகை பிறந்து மழை இறங்கி, உறுகாமம் குளம் வான்பாய்ந்து, மாதுறு ஓயாவும் பெருகினால் கிரான் பாலத்தின் மேலால் வெள்ளம் ஓடும். அதன்பின் மேற்குக் கரையில் நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் இருப்பது படகு மட்டுமே.

இந்த வெள்ளம் ஏறத்தாழ ஒவ்வொரு பெரும்போகத்திலும் எதிர்பார்க்கப்படுவது. ஆயினும் அரசின் கணக்கில் அது அனர்த்தம். படகு அனர்த்த நிவாரணமாக வருகிறது. பிரதேச செயலகமும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் படையினரும் அதை ஏற்பாடு செய்கிறார்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் வாதம் நிதியைப் பற்றியது: ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு பருவத்தை எதிர்பாராத இடராக எழுதிக்கொண்டிருக்கும்வரை, கிராமச் சுகாதாரத்துக்கு எவ்வளவு கூடுதலாக ஒதுக்கினாலும் அதன் பயன் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

இலங்கையின் கிராமச் சுகாதார வரலாறு பெருமைப்படத்தக்கது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவு, 1934–35 மலேரியாப் பேரழிவுக்குப் பின் கிராமங்களை நோக்கி விரிந்த மருந்தகங்களும் வைத்தியசாலைகளும், 1952ஆம் ஆண்டின் சுகாதார சேவைகள் சட்டம் எனப் படிப்படியாக வளர்ந்த ஏற்பாடு அது. நோயாளியிடம் கட்டணம் வாங்காத ஆஸ்பத்திரியும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும் அதன் இரு தூண்கள். மகப்பேற்று மரணம் இந்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு முப்பதை ஒட்டிய அளவுக்கு இறங்கியதில் அந்த உத்தியோகத்தரின் பங்கு மிகப் பெரிது. இங்கே குறை காணப்படுவது அந்த ஏற்பாட்டின் கொள்கையில் அன்று. அக்கொள்கை படுவான்கரை எனப்படும் மேற்குக் கரையின் நிலத்தோற்றத்துக்கு ஏற்றபடி விலையிடப்படவில்லை என்பதே குறை.

1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளும் தவிர்ந்த ஏனைய அரச வைத்தியசாலைகளையும், கிராமிய வைத்தியசாலைகள், மருந்தகங்கள், தாய் சேய் நலம் ஆகியவற்றையும் மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின்கீழ் இருக்க, கிரானின் அன்றாடச் சுகாதாரம் கிழக்கு மாகாணத்தின் பொறுப்பாயிற்று. பொறுப்பு வந்த அளவுக்கு வருவாய் வரவில்லை. மாகாணங்கள் அறவிட்டு வந்த புரள்வு வரி 2011இல் நீக்கப்பட்டபின் மத்தியின் கையை எதிர்பார்க்கும் நிலை இன்னும் இறுகியது. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி வரும் தொகுதிக் கொடையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது. மாகாணத்துக்கென ஒதுக்கப்படும் அபிவிருத்திக் கொடை மூலதன வேலைகளுக்கானது. கட்டடமும் உபகரணமும் அதில் வாங்கலாம்.

நிதி ஆணைக்குழு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரை சொல்கிறது: சனத்தொகை, தலாவருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை முதலியன. மூன்றாவது அளவுகோல் விரிவானது, நல்லது. ஆனால் அந்த உறுப்புரை மாகாணங்களுக்கு இடையிலான இடைவெளியைப் பற்றியே பேசுகிறது. மாகாணத்துக்குள், நெடுஞ்சாலையோரத்துக்கும் வாவிக்கு அப்பாலுள்ள கிராமத்துக்கும் இடையிலான இடைவெளிக்கு அதில் விதி இல்லை. அங்கே ஆட்சி செய்வது ஆளணி அளவுகோல். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது நெடுங்கால நியமம். நெருக்கமான ஒரு குடியிருப்பில் 3,000 பேரைச் சுற்றிவர ஸ்கூட்டர் போதும். மேற்குக் கரையில் அதே எண்ணிக்கையினர் இருந்தாலும், அவர்கள் வயலும் வெளியும் யானை நடமாடும் பற்றையுமாகச் சிதறி வாழ்கிறார்கள். தலைக்கணக்கில் இரண்டும் சமம்போலத் தெரியலாம். பெற்றோல் கணக்கிலும் ஒரு பெண் தனியாக மாலையில் வீடு திரும்பும் கணக்கிலும் அவை சமமல்ல.

போருக்குப் பிந்திய செலவின் இயல்பை இங்கே கவனிக்க வேண்டும். 2007 யூலையில் குடும்பிமலைப் பகுதி படையினர் வசமானபின், இடம்பெயர்ந்தவர்கள் மீளக் குடியமர்ந்தார்கள். ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் வீதியும் கட்டடமும் வந்தன. நன்கொடையாளர் பலரும் கைகொடுத்தார்கள். திறந்து வைத்துப் பெயர்ப்பலகை நாட்டக்கூடிய கட்டடத்துக்கே கொடையாளர் முன்வருவார்கள். அதற்குள் இருந்து வேலைசெய்பவரின் சம்பளம், விடுதி, மின்கட்டணம், எரிபொருள் என்பவை ஆண்டாண்டுக்கு மாகாணத்தின் தலையில் விழும் மீண்டெழும் செலவினங்கள். உலக வங்கி 2018இல் ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்த வழங்கிய 200 மில்லியன் டொலர் கடன், பெறுபேறுகளைப் பார்த்துப் பணம் விடுவிக்கும் முறையில் அமைந்தது. அம்முறைக்கு நியாயம் உண்டு. ஆனால் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று எண்ணும் எந்த அளவுகோலும், எளிதில் எட்டக்கூடிய நிலையத்துக்கே இயல்பாகச் சாதகமாக முடியும்.

காலக்கணக்கு இன்னொரு சிக்கல். ஆய்வாளர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். இலங்கையின் நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வடகீழ்ப் பருவமழையும் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே பொழிகிறது. 2011இன் பெருவெள்ளம் சனவரியில், 2014இனது டிசம்பரில், ஃபெங்கல் புயலோடு வந்தது 2024 நவம்பர் இறுதியில். ஒதுக்கீடு தீர்ந்துவரும் மாதங்களிலும், புதிய ஆண்டின் கட்டுநிதி கைக்கு வந்து சேராத முதல் வாரங்களிலும்தான் மறுகரைக்குக் கூடிய செலவு தேவைப்படுகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகை இன்னும் உயர்ந்தாலும் இந்தக் கால இடுக்கைத் தானாக நிரப்பாது.

அறுந்துபோகும் சேவை என்னவென்று பார்ப்போம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கிளினிக் கொப்பியோடு மாதமொருமுறை வருபவர், பாலம் மூடிய மாதத்தில் குளிசை இல்லாமல் இருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணியை வெள்ளத்துக்கு முன்பே இக்கரையிலுள்ள உறவினர் வீட்டுக்கோ விடுதிக்கோ கொண்டுவர வேண்டும். உறவினர் இல்லாதவள் எங்கே தங்குவாள்? சேற்றில் நிற்கும் வேளாண்மைக்காரருக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை விதைப்புக்கு முன்பே போய்ச்சேர வேண்டும். கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு விஷமுறிவு மருந்து கிடைக்கும் நேரம் சிறுநீரகத்தின் கதியையே தீர்மானிக்கலாம். 2016இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் நீர் மூடிய பாலத்தருகே அது நிற்கத்தான் வேண்டும்.

இவற்றிற் பல பெருந்தொகை கேட்பவை அல்ல. கொரோனாக் காலத்தில், 2020இல், கிளினிக் மருந்துகளை அஞ்சல் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கே அனுப்பிய அனுபவம் நமக்கு உண்டு. அதே நிர்வாகத்தால் மழைக்கு முந்திய கிளினிக்கிலேயே மறுகரை நோயாளிக்கு இரண்டு மாத மருந்தைக் கொடுத்தனுப்ப முடியும். ஆனால் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கற் பிரிவிலிருந்து மாவட்டக் களஞ்சியத்துக்கு மருந்து அதற்கேற்ற அளவில் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டையே வாட்டியபோது அத்தகைய முன்னிருப்பின் பெறுமதியை எல்லோரும் உணர்ந்தோம்.

உயரமான பாலம் ஒன்று கட்டினால் இவையெல்லாம் தீரும் என்பது வலுவான மறுப்பு. கிரான் மக்களே நெடுங்காலமாக அதைத்தான் கேட்கிறார்கள். அது கட்டப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பாலத்துக்கு அப்பாலும் தாழ்ந்த வீதிகள் நீண்டு கிடக்கின்றன. திகிலிவெட்டையின் துறை வேறு, முருக்கன்தீவின் தனிமை வேறு. பாலத்துக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் சேவையையும் காக்கவைப்பது, வீதித் துறையின் தாமதத்தைச் சுகாதாரத் துறை தன் தாமதமாக ஏற்றுக்கொள்வதாகும்.

அசாமில் நடந்தது இங்கே பயன்படும். பிரமபுத்திரா ஆற்றுத் தீவுகளில் வாழ்பவர்களுக்காக வடகிழக்கு ஆய்வுகள் மையம் 2005இல் படகு மருத்துவமனையைத் தொடங்கியது. 2008 முதல் தேசிய கிராமச் சுகாதார இயக்கத்தின்கீழ் அசாம் மாநில அரசு அதில் பங்காளியாகி, மாவட்டம் மாவட்டமாகப் படகுகள் பெருகின. வைத்தியர், தாதி, மருந்து, ஆய்வுகூட வசதி எல்லாம் படகிலேயே போகின்றன. தடுப்பூசியும் கர்ப்பிணிப் பரிசோதனையும் ஒழுங்காக நடக்கின்றன. ஆறு பெருகுவதை அங்கே சேவையின் வழக்கமான சூழலாக ஏற்று, படகுக்குப் பொதுநிதியை ஒழுங்காக வழங்கினார்கள். பிரமபுத்திராவோடு ஒப்பிட இங்குள்ள வாவி சிறியது. கிரானுக்குக் கப்பலளவு படகு தேவையில்லை. இயந்திரத் தோணி ஒன்று, அதற்கு நிரந்தர ஓட்டி, ஆண்டு முழுவதற்குமான எரிபொருள் தலைப்பு, மறுகரையில் மேட்டுநிலத்தில் குடும்பநல உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான விடுதி, அங்கே தங்குபவருக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு ஆகியவை மாகாண மதிப்பீட்டில் சுகாதாரத் தலைப்பின்கீழ் எழுதப்பட வேண்டும்.

யார் எழுதுவது? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் ஓடின. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்தினார்கள். மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர் திருகோணமலையில், பிராந்தியப் பணிப்பாளர் மட்டக்களப்பில். இருவரும் தமக்குக் கொடுக்கப்பட்ட தொகைக்குள் திட்டமிடுவார்கள். ஆனால் வரவுசெலவு விவாதத்தில் எழுந்து, பூலாக்காட்டுக்கு மார்கழியில் என்ன ஏற்பாடு என்று அமைச்சரைக் கேட்கும் உறுப்பினர் அந்த ஆண்டுகளில் இல்லை. அந்தக் கேள்வி மறுபடி கேட்கப்படும்வரை, கோறளைப்பற்று தெற்கின் சுகாதார வைத்திய அதிகாரியும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் சேர்ந்து, பாலம் மூடிய நாட்களையும் அந்நாட்களில் தவறிய கிளினிக்குகளையும் ஆண்டுதோறும் பதிவுசெய்து, அதையே அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையோடு இணைத்து அனுப்பலாம். 154ஆர் சொல்லும் ‘ஏற்றத்தாழ்வு’க்கு அதைவிடத் தெளிவான சான்றை நிதி ஆணைக்குழுவின் முன் வைக்க முடியாது.