சார்ஸும் பருவக் காய்ச்சலும்: எதற்கு அஞ்ச வேண்டும்?

2002 இறுதியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தோன்றிய சார்ஸ் வைரஸ், 2003 ஜூலைக்குள் 8,096 பேரைத் தாக்கியது. 774 பேர் மரணித்தனர். உலகமே பீதியடைந்தது. ஆனால், 'வெறும் காய்ச்சல்தானே' என நாம் அலட்சியப்படுத்தும் பருவகால இன்ஃப்ளூயன்சாவால் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

அப்படியானால் சார்ஸ் அற்பமானதா? இல்லை. சார்ஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்தார். பருவக் காய்ச்சலிலோ பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமடைகின்றனர். கோடிக்கணக்கானோரைத் தொற்றுவதால்தான் மரணங்கள் பெருகுகின்றன.

தடுப்பூசி இல்லாமலேயே, நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் தனிமைப்படுத்தி சார்ஸை ஒழித்தார்கள். காய்ச்சல் வந்தால் நாமும் வீட்டில் தங்குவோம். வீட்டிலுள்ள முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது குறித்து மருத்துவரிடம் கேட்போம்.