மன்னிப்பும் உண்மையும்: மன்னார்க் கத்தோலிக்க இல்லறம் குறித்து ஒரு விசாரணை

மன்னிப்பு என்பது சாந்தகுணம் வாய்க்கப்பெற்ற சிலருடைய இயற்கையென்றும், அக்குணம் அமையாத இல்லங்களில் சமாதானத்தை எதிர்பார்ப்பது வீணென்றும் கருதுவோர் பலர். மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்க மரபை நோக்குமிடத்து, மன்னிப்பு நித்திய அனுஷ்டானத்தால் பழகிவருவதென்றும், உண்மை வெளிப்பட்ட பின்னரே அது பூரணமடைவதென்றும் கொள்ள இடமுண்டு. இவ்விரண்டனுள் முன்னதைப் போற்றிப் பின்னதை மறந்தமையே நம் குடும்பங்களில் நேர்ந்த பெருங்குறை.

வங்காலை, நறுவிலிக்குளம், அரிப்பு முதலிய ஊர்களின் கத்தோலிக்க இல்லங்களில், விளக்கேற்றிய பின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவதும், முடிந்ததும் பிள்ளைகள் பெற்றோருக்குத் தோத்திரம் சொல்லுவதும் நெடுநாள் வழக்கம். செபமாலையின் தொடக்கத்தில் ஒருமுறையும் ஐந்து பத்துமணித் தொகுதிகள் ஒவ்வொன்றின் முன்னும் ஒருமுறையுமாக, கர்த்தர் கற்பித்த செபம் ஆறு தடவை சொல்லப்படுகிறது. பிறர் குற்றத்தை நாம் பொறுப்பதையே நம் குற்றம் பொறுக்கப்படுவதற்கு அளவாக வைத்த செபம் அது. ஆகவே, மத்தியானத்தில் மனைவியைக் கடிந்துகொண்டு அதன்பின் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த கணவனும், அவளருகே முழந்தாளிட்டு அந்த நிபந்தனையை ஆறு தடவை உரத்துச் சொல்லியே ஆகவேண்டும். வாய்தானே சொல்லுகிறது என்று ஆட்சேபிப்பாருளர், சொல்லட்டும். ஆறு தடவை சொல்லியும் உறுத்தாத மனம் எத்தகையது என்பது வேறோர் ஆராய்ச்சி.

இனி உண்மையின் பங்கைக் காண்போம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த மன்னார் நாடகங்களுள் ஒன்று ஞானசவுந்தரி. சிற்றன்னை லேனாளின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட ஞானசவுந்தரி என்னும் பெண்ணை மணந்த பிலேந்திரன், கடிதங்கள் மாற்றியெழுதப்பட்டமையால், தன்னையறியாமலே அவளை மறுபடியும் இழக்கிறான். தேவமாதாவின் அற்புதத்தால் கைகள் மீண்டதையே பலரும் வியந்து பேசுவர். எனக்கோ, பொய்க்கடிதம் வெளிப்படுவதே கதையின் உயிர்நிலை எனத் தோன்றுகிறது. கைகள் வளர்ந்தும் வஞ்சகம் மறைந்தே இருந்திருப்பின், தம்பதியர் கூடியிருப்பர். சந்தேகமும் அவர்களோடு கூடவே குடியிருந்திருக்கும்.

உண்மை முன்னும் மன்னிப்பு பின்னுமாகிய இவ்வொழுங்கையே திருச்சபையின் போதனையும் வற்புறுத்துகிறது. மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் ஆகிய மூன்றும் பச்சாத்தாபிக்கு உரியவை என்று திரெந்து சங்கம் 1551இல் வகுத்தது. மன்னிப்பு, கூடிவாழ்ந்தே ஆகவேண்டுமென்னும் கட்டாயமும் அன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், விசுவாசம் தவறிய துணைவரை மன்னிக்குமாறு 1152ஆம் விதியில் மிகவும் பரிந்துரைத்த போதிலும், பிரிந்து வாழும் உரிமையைப் பறிக்கவில்லை; உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிப்பவரிடமிருந்து விலகுவதற்கு 1153ஆம் விதி நியாயமளிக்கிறது. சில வேளைகளில் பிரிவு தார்மிகக் கடமையாகவே ஆகலாமென்பதைப் பாப்பரசர் பிரான்சிசும் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி விடுத்த ஊக்கவுரையில் ஒப்புக்கொண்டார். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கோரும் பெண், மன்னியாதவள் என்று இகழத்தக்கவள் அல்லள். வேதசாஸ்திரத்தில் அவ்விகழ்ச்சிக்கு ஆதாரமில்லை.

அதே பாப்பரசர் 2015 ஜனவரி 14ஆம் திகதி மடு ஆலயத்தில், உள்நாட்டுப் போரில் இருதரப்பிலும் உறவுகளை இழந்த குடும்பங்களின் முன்னிலையில், மெய்யான மனவருத்தத்தின் பின்னரே மெய்யான மன்னிப்பைக் கோரவும் அளிக்கவும் இயலுமென்னும் கருத்துப்பட உரைத்தார். நாட்டுக்குச் சொன்ன அவ்வொழுங்கு அடுப்படிக்கும் பொருந்தும். அழுதுகொண்டு வரும் பெண்ணை நோக்கி, ‘பொறுத்துப் போ பிள்ளை’ என்று நம் பெரியவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொல்லுமுன் அவள் கணவனை அழைத்து, செய்தது இன்னதென்று அவளிடமே வாய்திறந்து ஒப்புக்கொண்டாயா என்று கேட்பார்களாக.