கிருஷ்ணகிரியும் லுண்ட் இறையியலும்

1895இல் தியோடர் நேதர் கிருஷ்ணகிரியில் மிசூரி சினோடின் இந்தியப் பணியைத் தொடங்கினார். வேத ஏவுதல் பற்றிய கருத்து வேறுபாட்டால் லைப்சிக் மிஷனை விட்டு விலகியவர் அவர். மெய்யான லுத்தரன் போதனை யாது என்னும் வினா இவ்வட்டாரச் சபையின் பிறப்பிலேயே இருந்தது.

அவ்வினாவிற்குச் சுவீடனின் லுண்ட் அறிஞர் பின்னர் வேறு வழியில் விடை தேடினர். போதனை வாசகங்களுக்கு அடியில் நின்று அவற்றை இயக்கும் அடிப்படைக் கருத்தையே அவர்கள் ஆராய்ந்தனர். பாவம், மரணம், பிசாசு ஆகியவற்றின்மேல் கிறிஸ்து பெற்ற வெற்றியே மீட்பு என்று 1930இல் குஸ்தாவ் அவுலேன் எழுதினார். தேவனுடைய 'அகாபே' அன்பு தகுதியைத் தேடிச் செல்வதன்று, மதிப்பற்றவருக்கு மதிப்பை அளிப்பது என்றார் ஆண்டர்ஸ் நீகிரேன். 1947இல் லுண்டில் உருவான லுத்தரன் உலகச் சம்மேளனத்திற்கு அவரே முதல் தலைவர்.

அவரது பீடத்தில் பின்னர் அமர்ந்த குஸ்தாவ் விங்கிரேன், நீகிரேனையே மறுத்துரைத்தார். படைப்பை மறந்த இறையியல் குறைவுடையது என்பது அவர் வாதம். அன்றாடத் தொழிலே அயலானுக்குத் தொண்டு செய்யும் அழைப்பு என்னும் லுத்தரின் போதனையை அவர் 1942லேயே விளக்கியிருந்தார்.

சிப்காட் ஆலைகளால் மாறிய ஓசூரில் ஊழியம் செய்யும் போதகருக்கு இவ்விருவரும் தேவை. இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் விங்கிரேனின் சொல்லைக் கூறலாம். வேலை இழந்து நிற்பவரிடம் அது மட்டும் போதாது. உழைப்பால் அளக்கப்படாத அன்பையும் அங்கே அறிவித்தாக வேண்டும்.