பாம்பைக் கண்டு ஓடாத இளைஞர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்பில் பயிற்சி எங்கே, வேலை எங்கே?

உலு திராம் - ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் உள்ள உலு திராமில், செம்பனை முடிகிற இடத்திலேயே தாமான் வீடுகள் தொடங்கிவிடுகின்றன. கால்வாயில் உடும்பு, கோழிக்கூண்டில் மலைப்பாம்பு, குப்பைத்தொட்டியில் குரங்கு என்பதெல்லாம் இங்கு பெரிய செய்தி அல்ல. இவற்றோடு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் எஸ்பிஎம் முடித்ததும் பாசீர் கூடாங் தொழிற்சாலைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறார்கள். விலங்குகளின் நடமாட்டம் அறிந்த அவர்களின் பழக்கம் ஒரு தகுதியாக அவர்களுக்கே தெரிவதில்லை. அதைத் தொழிலாக்கும் வழிகள் இருக்கின்றன.

முதலில் ஓர் எச்சரிக்கை. பாம்பு பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்துப் போடுவது பயிற்சி ஆகாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலைப்பாம்பும் நீள்வால் குரங்கும் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். எறும்புத்தின்னிக்குப் பாதுகாப்பு இன்னும் கடுமையானது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இச்சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை வரை போகிறது. செம்பனைத் தோட்டத்தில் காணப்படும் நாகம் நஞ்சைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சக்கூடியது. பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது போன்ற வீட்டு வைத்தியம் கூடாது.

பாம்பு பிடிப்பதை முறையாகக் கற்க விரும்புவோருக்கு அருகில் உள்ள வாசல் பொது தற்காப்புப் படை. வீட்டில் பாம்பு புகுந்தாலும் குளவிக்கூடு கட்டினாலும் பெரும்பாலும் வந்து நிற்பவர்கள் இந்தப் படையினரோ தீயணைப்பு, மீட்புப் படையினரோதான். தற்காப்புப் படையில் தொண்டூழியராகவும் சேரலாம். மீட்புப் பணியின் அடிப்படையிலிருந்து தொடங்கி, மூத்தவர்களோடு களத்துக்குப் போய்ப் பழகும் முறை அங்கு உண்டு. வேறு வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இதையே முழுநேர அரசாங்க வேலையாகச் செய்ய நினைப்பவர்கள் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையைக் கவனிக்க வேண்டும். பெர்ஹிலித்தான் என்றால்தான் நம்மவர்களுக்குப் புரியும். அங்கு எஸ்பிஎம் தகுதிக்கு வனவிலங்கு உதவியாளர் பதவியும், டிப்ளோமா, பட்டம் பெற்றவர்களுக்கு அடுத்தடுத்த அதிகாரிப் பதவிகளும் உண்டு. பொதுச் சேவை ஆணையத்தின் வழி விண்ணப்பிக்க வேண்டும். மலாய்மொழித் தேர்ச்சியும் உடல் தகுதியும் முக்கியம். இத்துறையின் பயிற்சி நிலையமான பல்லுயிர்க் கழகம் பகாங், லன்சாங் அருகே புக்கிட் ரெங்கிட்டில் இயங்குகிறது. காலியிட அறிவிப்பு தமிழ் நாளிதழில் வரும் என்று காத்திருக்காமல் ஆணையத்தின் இணையத்தளத்தில் முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது.

படிப்பு குறைந்தவர்களுக்கு இதில் என்ன இடம் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டின் இருளர்களைப் பார்க்கலாம். பாம்புத்தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது இவர்களின் பிழைப்பே போனது. 1978இல் செங்கல்பட்டுப் பகுதியில், சென்னை அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கொல்வதற்குப் பதில், பிடித்து நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விட்டார்கள். நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சு மூலப்பொருள். அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. தடம் பார்த்தே பாம்பு போன திசையைச் சொல்லும் அறிவுதான் அவர்களை அங்கு கொண்டுபோனது. ஆனால் அந்த அறிவுக்கு ஓர் உரிமமும் சங்கமும் பின்னால் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

பிடிப்பதைவிடப் பார்ப்பதில் விருப்பம் உள்ளவர்களுக்கு 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் இருக்கிறது. ஜொகூரில் அதற்குக் கிளை உண்டு. பறவை பார்க்க வெளிநாட்டினர் தேடிவரும் பந்தி வனம் கோத்தா திங்கிக்கு அப்பால்தான். உலு திராமிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். பள்ளிகளில் இக்கழகத்தின் ஆதரவோடு இயற்கை நேசர் மன்றங்கள் இயங்குகின்றன. தமிழ்ப்பள்ளிகளும் ஒரு மன்றத்தைத் தொடங்கலாம். அதற்கு ஓர் ஆர்வமுள்ள ஆசிரியர் போதும். இத்துறையில் வருமானம் தேடுவோர் சுற்றுலா அமைச்சின் பச்சை அட்டையை நோக்கலாம். நகர வழிகாட்டிக்கு நீல அட்டை, குறிப்பிட்ட இயற்கைத் தலத்தின் வழிகாட்டிக்குப் பச்சை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தால்தான் அட்டை கிடைக்கும்.

பட்டப்படிப்புக்கு மலேசிய சபா பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகத்தின் வனவியல் புலம் ஆகியவற்றோடு, ஜொகூரிலேயே துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் பாகோ வளாகமும் உண்டு. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷனில் உயிரியல் எடுத்தவர்கள் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

நகரத்து விலங்கு என்றால் துரத்துவது மட்டும்தான் வேலை என்பதும் சரியல்ல. பினாங்கு, தெலுக் பஹாங்கில் 2019இல் லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்க, பழைய தீயணைப்புக் குழாய்களால் மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். குரங்குகள் எந்த நேரத்தில் எங்கே கடக்கின்றன என்று பொறுமையாகக் குறித்து வைத்தவர்களால்தான் அது முடிந்தது. சிங்கப்பூரிலும் நமது தென் ஜொகூரிலும் வாழும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூரைக் கணக்கெடுக்கச் சிங்கப்பூரில் பொதுமக்களையே பயிற்றுவிக்கிறார்கள்.

அந்தக் கண்காணிப்பை இங்கே இன்றே பழகலாம். ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் ஆகிய செயலிகள் இலவசம். படம், இடம், நேரம் ஆகியவற்றைப் பதிந்தால் போதும். ஓராண்டுப் பதிவு நேர்காணலில் காட்டத் தக்கது. அதுவரை வீட்டில் விலங்கு புகுந்தால் பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணையோ, அவசரம் என்றால் 999 எண்ணையோ அழைக்கலாம்.