தோற்பாவைக்கு உடை வகுத்தோர்

1987-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தொலைக்காட்சியில் இராமாயணத் தொடர் தொடங்கிற்று. ஞாயிறு காலைகளில் வட நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை அங்கு வாழும் நம்மவர் பலர் கண்டிருப்பர். அத்தொடரின் பாத்திரங்களுக்கு உடையும் அணியும் ஆக்கித் தந்தது மும்பையின் மகன்லால் டிரஸ்வாலா நிறுவனம். இதனை அறிந்தோர் உளர். ஆனால், தொலைக்காட்சி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே பாலக்காட்டுச் சீமையில் துணித்திரை ஒன்றின்மீது இராமகதை இரவுதோறும் ஓடியது. அத்திரையில் தோன்றிய மாந்தர்க்கு உடை வகுத்தவர் யாவர்?

1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகுதி இது. பாரதப்புழையை ஒட்டிய பத்திரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்றொரு நீண்ட கட்டடம் இருக்கும். திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகள் ஏற்றுவர். பாடப்படுவன கம்பன் பாடல்கள். வீட்டில் மலையாளம் பேசுவோரும் அவற்றை மனப்பாடமாகச் சொல்லிப் பொருள் விரிப்பர். அவரைப் புலவர் என்றே ஊரார் அழைக்கின்றனர்; தகுமன்றோ!

இனி உடைக்கு வருவோம். ஆந்திர நாட்டுப் பாவை ஒளி ஊடுருவும் தோலால் ஆனது. வண்ணம் தீட்டினால் திரையிலும் வண்ணமாகவே விழும். இங்கோ பாவையின் நிழல் கரியது. பட்டென்றும் மரவுரியென்றும் நிறத்தால் வேறுபடுத்திக் காட்ட வழியில்லை. ஆகவே கைவினைஞர் சிற்றுளிகளை எடுத்தனர். மயிர் களைந்து உலர்த்திய மான்தோலில் உருவம் வரைந்து, புள்ளியாகவும் கீற்றாகவும் துளையிட்டனர். துளைவழியே கசியும் விளக்கொளியே ஆடையின் மடிப்பு, அதுவே ஆரம், அதுவே முடி. துளை மிகுந்தால் தோல் வலுவிழக்கும், குறைந்தால் அரசனும் வெறுங்கரியுருவாய் நிற்பான். இவ்விரண்டிற்கும் இடையே அளவறிந்து நின்ற கை எத்துணைப் பழகிய கையாக இருந்திருக்க வேண்டும்!

மற்றொரு சிக்கலும் உண்டு. இராமன் அமர்ந்திருக்க ஒரு பாவை, நடக்க ஒன்று, போர் புரிய வேறொன்று. இவ்வாறு முழுக்கதைக்கும் சுமார் 160 பாவைகள் வேண்டும். எந்தப் பாவை வந்தாலும் பார்ப்பவர் அவனை இராமனென்றே அறிதல் வேண்டும். காட்சிக்குக் காட்சி உடை மாறாமல் காக்கும் இக்கவலை இன்றைய தொலைக்காட்சி உடையமைப்பாளர்க்கும் உரியதே. எனினும் பழைய பாவைகளை வெட்டியவர்தம் பெயர்களை எத்திரையும் காட்டியதில்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான்தோல் நின்றது, ஆட்டுத்தோல் புகுந்தது. ஷொறணூரை அடுத்த கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் பல இரவுக் கூத்தைச் சுருக்கிக் கோயிலுக்கு வெளியேயும் கொணர்ந்தார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அக்குடும்பத்தார் இன்றும் பாவை வெட்டுகின்றனர். கோயில்களிலோ கேட்பவர் எவருமின்றி விடியும்வரை கூத்து நடக்கும் இரவுகள் உண்டு. அப்போதும் தேவியின் பொருட்டு விளக்கு எரிகிறது, பாட்டு ஒலிக்கிறது.

கூத்துக் காலம் ஜனவரி முதல் மே வரை. கோடை விடுமுறைக்குப் பாலக்காட்டு வழியே ஊர் திரும்புவோர் ஓரிரவு இறங்கிக் காணலாம். கம்பனைக் கேட்கும்போதே, இராமன் மார்பில் ஒளிரும் அத்துளைகளையும் சற்று உற்று நோக்குக.