நாவலூரரும் படர்நோயும்

தோலில் ஊர்ந்து பரவும் நோயை வடநூல் மருத்துவர் விசர்ப்பம் என்ப. ஊர்தற்பொருள் தரும் அடியிற் பிறந்தது இச்சொல். யவனரின் எர்ப்பீசும் இலத்தீனரின் செர்ப்பிகோவும் அதற்கு இனச்சொற்களாம். தமிழர் படர்தாமரை என்றதும் அக்கருத்துப் பற்றியே. இப்பெயர்கள் நோயின் போக்கை உணர்த்துவனவன்றி, நோயாளரின் குற்றத்தை உணர்த்துவன அல்ல.

பண்டை மருத்துவ நூலார் தோல்நோய் பலவற்றையும் குட்டம் என்னும் ஒரு பெயரில் அடக்கி, 18 வகையாகப் பகுத்தனர். சுசுருதர் விசர்ப்பத்தையும் அவற்றுட் சேர்த்தார். மருத்துவர்க்கு வகைப்பெயராய் நின்ற சொல் உலக வழக்கில் வசைப்பெயராயிற்று. நோயுற்றார் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டனர்.

சைவ வரலாறு காட்டும் நெறி வேறு. சென்னைக்குத் தெற்கிலுள்ள எம்மூரின் பெயரையே உடைய நடுநாட்டுத் திருநாவலூரில் தோன்றிய சுந்தரர், திருவொற்றியூரிற் சூள் பிழைத்துக் கண்ணிழந்தார். பின்னர் உடற்பிணியும் உற்றார். திருத்துருத்திப் பெருமான் அவரை விலக்கினானல்லன். வடகுளத்தில் மூழ்குவித்துப் பிணி தீர்த்தருளினான் எனப் பெரியபுராணம் கூறும்.

தொழுநோய்க்குரிய கிருமியை 1873இல் ஆன்சன் கண்டார். இன்று அந்நோய் மருந்தால் தீர்கின்றது. தம்பிரான்தோழரை அப்பிரான் தள்ளாதிருக்க, அவன் அடியேம் நோயாளரைத் தள்ளுதல் முறையாமோ?